கதவுக்குக் குறுக்கே

சதீஷ்,

நீ ரிசார்ட்டிலேயே தங்கிக்கொண்டு போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. உன் அப்பா படித்துவிட்டார். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற கவிதா கேட்டால் அவளிடமும் கொடுப்பேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுத வேண்டியது வேறு. வருகிற பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும், கோபம் வந்தால் எப்படி அடக்கிக்கொள்ள வேண்டும் என்று உனக்குச் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதெல்லாம் இப்போது வாயில் வரவில்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். ஊருக்கு ரயிலேற்றிவிடச் சொல்லி என்னோடு அனுப்பினாயே, பசந்தி, அவள் போகவில்லை என்பது போலீஸ் போன் வந்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்பது தெரிந்திருக்காது. நம் வீட்டில்தான் இருக்கிறாள். உன் அறையில் படுத்திருக்கிறாள்.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை, மேலே படி. உன் அப்பா அவள் வந்த அன்றே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, தான் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டார். பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்கிறார். "அந்தப் பொண்ணு தூங்குற வூட்டுல ஆம்பள வாடையே இருக்க வேணாம், நாலு நாளு போவட்டும்" என்றார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். உன் அப்பாவை நான் எத்தனையோ பேசியிருக்கிறேன், உனக்கே தெரியும். இனிமேல் பேசமாட்டேன்.

நான் இந்த ரிசார்ட்டில் அறை துடைக்கச் சேர்ந்தபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் நம் குடும்பத்தில் பெண்களுக்கு அடுத்தவர் கழனியில் நாற்று நடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ் ஏறிப் போவேன். அங்கே சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அறைக்குள் போனால் கதவை மலரத் திற, உன் ட்ராலியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்து, அப்புறம்தான் படுக்கை விரிப்பில் கை வை. அறையில் இருப்பவர் திரும்பி வந்தால் ட்ராலியை நீ நகர்த்தினால்தான் உள்ளே வர முடியும். நகர்த்தும்போதே நீ வெளியே வந்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம். துண்டும் சோப்பும் அழுக்குத் துணியும் ஏற்றிய ஒரு தள்ளுவண்டி. அதற்கு அந்தப் பக்கம் உலகம், இந்தப் பக்கம் நாங்கள்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் என் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்று கேட்டாய். ட்ராலி இடித்துவிட்டது என்றேன். பொய் சொல்லவில்லை, ட்ராலிதான் இடித்தது. ஆனால் ட்ராலியை அந்தப் பக்கமிருந்து ஒருவன் உள்ளே தள்ளினான். சிரித்துக்கொண்டே தள்ளினான். வண்டி நிலைப்படியில் கோணலாக மாட்டிக்கொண்டது. அவனால் உள்ளே வரவும் முடியவில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை. நான் கத்தினேன். ஆட்கள் வந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உனக்கு முட்டைத் தோசை சுட்டுக் கொடுத்தேன். உனக்கு அந்தத் தோசை ஞாபகம் இருக்காது. எனக்கு அன்று வண்டியில் இருந்த ஒவ்வொரு துண்டும் ஞாபகம் இருக்கிறது.

நீ ஓட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறேன் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை சமயத்தில் படுக்கை விரிப்பின் முனையை எப்படி மடக்க வேண்டும் என்று என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். வாய்மொழித் தேர்வில் அறை துப்புரவுப் பெண்களின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்களாம், ட்ராலியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்த வேண்டும் என்றாயாம், யார் சொல்லிக்கொடுத்தது என்றதற்கு எங்க அம்மா என்றாயாம், ஓடிவந்து சொன்னாய். அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். பிறகு நீ எங்கள் ரிசார்ட்டுக்கே வந்து, எங்கள் பிரிவுக்கே மேனேஜராகவும் ஆனாய். துணி அறைப் பெண்கள் என்னைக் கிண்டல் பண்ணாத நாளில்லை. "இன்னாக்கா, பெத்த புள்ளைக்கே சல்யூட் அடிக்கணுமா?" என்பார்கள். "அடிப்பேன்டி, உனுக்கு இன்னா?" என்பேன். உண்மையிலேயே அடித்திருப்பேன், நைனா. அவ்வளவு பெருமை எனக்கு.

அப்புறம் அந்தக் காலைக் கூட்டம். வராந்தாவில் வரிசையாக ட்ராலி நிற்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். பெரிய மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். மறுநாள் காலை எங்களை எல்லாம் நிற்கவைத்து நீ சொன்னாய். "இனிமே ட்ராலி பேன்ட்ரி ரூம்லயே நிக்கணும். வேணுன்ற துணிய மட்டும் கைல எடுத்துகினு போங்க. கதவ சாத்திகினு க்ளீன் பண்ணுங்க. ஏசி வெளிய போவக்கூடாது, கெஸ்ட்டு கண்ணுல அழுக்குத் துணி படக்கூடாது." நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது கேட்டதற்கு, "காலம் மாறிடுச்சும்மா, இப்போ எல்லா இடத்துலயும் கேமரா கீது" என்றாய்.

உன் உத்தரவை நாங்கள் யாரும் மதிக்கவில்லை, அது உனக்கும் தெரியும். சாந்தியும் நானும் மற்ற உள்ளூர்க்காரிகளும் தண்ணீர்ப் பக்கெட்டைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டோம். நீ பார்த்தும் பார்க்காத மாதிரி போனாய். எங்களைக் கேள்வி கேட்டால் நாங்கள் திருப்பிக் கேட்போம். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வாசலுக்கு வருவார்கள், பஞ்சாயத்து வரும். பசந்திக்கு யார் இருக்கிறார்கள்? ஜார்க்கண்டிலிருந்து ஏஜென்ட் ஒருவன் கூட்டிவந்து விட்ட பெண். பூஞ்சேரியில் ஒரே அறையில் அவளும் அவள் ஊர்ப் பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் ஆதார் அட்டையை அந்த ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்றான். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் வேலை போகும், வேலை போனால் அறை போகும். அதனால் நீ சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டது அவளும் அவளோடு வந்தவர்களும்தான். நம் ஊர்க்காரிகளுக்கு அது நீ போட்ட சட்டம், அவளுக்கு அது சோறு. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வதை நானும் பார்த்தேன். கதவைத் தட்டி, பக்கெட்டை வைத்துக்கொள்ளடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மகன் பேச்சை ஒருத்தியாவது கேட்கட்டுமே என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

நம் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவள் அவள். முதல் மாதம் கையைக் காலை ஆட்டித்தான் பேசுவாள். அப்புறம் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, இன்னிக்கு ஒரே பேஜாரா கீது" என்று அவள் சொல்லும்போது சாந்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். நீயும் ஒரு தடவை நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். சம்பளம் வந்தால் பூஞ்சேரிக் கடையில் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு தங்கச்சியைத் திரையில் பார்த்துப் பேசுவாள். கடலைக் காட்டுவாள். அந்தத் தங்கச்சி கடலைப் பார்த்ததே இல்லையாம்.

அன்று நடந்ததை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. அறை எடுத்துத் தங்கியிருந்த அந்த ஆள் நாஸ்தா சாப்பிடப் போன நேரத்தில் அவள் அங்கே துடைக்கப் போனாள், நீ சொன்னபடி கதவைச் சாத்தினாள். அவன் தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்தான். பக்கத்து அறையில் இருந்த சாந்திக்கு அலறல் கேட்டது, ஓடிவந்து உன்னைத்தான் கூப்பிட்டாள். மாஸ்டர் சாவி போட்டுத் திறந்தவன் நீ. உள்ளே என்ன பார்த்தாய் என்பது உனக்குத் தெரியும். அவனைப் பிடித்துத் தள்ளினாயாம். பெரிய துண்டை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வெளியே கூட்டி வந்தாயாம். பசந்திதான் எனக்கு இதைச் சொன்னாள். இத்தனைக்கும் பிறகு அவள் உன்னைப் பற்றி முதலில் சொன்னது அதைத்தான். அதைக் கேட்டு நான் அழுதேன். அந்த நேரத்தில் நீ செய்தது ஒன்றும் குறையில்லை. நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான் செய்வான்.

அதற்கப்புறம் பெரிய மேனேஜர் உன்னை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தபோது வேறு ஆளாக வந்தாய். துணி வெளுக்கும் இடத்துக்கு என்னைத் தேடிவந்து, "அம்மா, நீதான் கூட்டிகினு போவணும், உன்கூடன்னா அமைதியா வரும். போலீஸு அது இதுன்னா அந்தப் பொண்ணு பேருதான் நாறும். ஊருக்குப் போயிட்டா நல்லது" என்றாய். ரயில் டிக்கெட் உன் கையில் இருந்தது. மாதக்கணக்காக அவள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத ஆதார் அட்டை அன்று மத்தியானமே ஏஜென்ட் கையிலிருந்து உன் கைக்கு வந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற நகராத கையெல்லாம் அவளை அனுப்பிவைக்க எவ்வளவு வேகமாக நகருகிறது!

ரிசார்ட் கார் எங்களைச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. அங்கிருந்து லோக்கல் பிடித்துப் பட்டணம் போய், பெரிய ரயிலில் அவளை ஏற்ற வேண்டும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏரிப் பக்கமிருந்து நல்ல காற்று. அவள் யூனிபாரத்தை மாற்றி வேறு துணி உடுத்தியிருந்தாள், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி வருகிற அறிவிப்பு கேட்டது. அப்போது அவள் என்னைப் பார்த்து, "அக்கா, அந்தாளு இன்னும் ரூம்லதான கீறான்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"அப்போ நான் ஏன்க்கா போவணும்?"

நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? லோக்கல் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. வண்டி போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து மகளிர் காவல் நிலையம் போனோம். உன் அம்மா ஒரு முடிவு எடுத்தாள் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

மகளிர் ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ரிசார்ட்டிலிருந்து கேமராப் படம் வந்தது. அதில் பசந்தி உள்ளே போகிறாள், தானே கதவைச் சாத்துகிறாள். பிறகு அந்த ஆள் வருகிறான், கதவு மறுபடி மூடுகிறது. அவள்தான் தன்னை வரச்சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தாள் என்று அவன் சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அறை துடைக்கப் போனவள் கதவை ஏன் சாத்த வேண்டும்? அதுதான் உத்தரவு என்று நான் சொன்னேன். சாந்தி அலறல் கேட்டதைச் சொல்லிவிட்டாள், உத்தரவைப் பற்றிக் கேட்டால் வேலை போய்விடுமென்று தரையைப் பார்க்கிறாள், மற்றவர்களும் அப்படித்தான். அதனால் அந்த அம்மா எங்கள் முன்னாலேயே உனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்படி ஆர்டர் எதுவும் இல்ல மேடம். ட்ராலியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, கதவைத் திறந்து வெச்சுதான் க்ளீன் பண்ணணும். அதுதான் எங்க ரூல்" என்றாய். பரீட்சையில் சொன்ன அதே பதில். நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. உங்கள் அம்மா வேறு மாதிரி சொல்கிறார்களே என்று அவர் கேட்டார். அதற்கு நீ, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு மேடம். கொஞ்ச நாளாவே ஞாபகம் தப்புது" என்றாய்.

என் பக்கத்தில் பசந்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் புரிகிறதே என்று முதல் தடவையாக வருத்தப்பட்டேன். நான் அழுதுவிட்டேன். நீ என்னைக் கிழவி என்றதற்காக இல்லை. பைத்தியக்காரி என்றே சொல்லியிருந்தாலும் வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டிருப்பேன். ஆனால் அந்த ஒரு பேச்சில் அந்தப் பெண்ணை மறுபடி அந்த அறைக்குள் தள்ளி, இந்த முறை நீயே கதவைச் சாத்திவிட்டாய். அவள் என் கையைத் தொட்டு, "அழாதக்கா, சார் பயந்துகினு கீறார்" என்றாள். உனக்காக அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள், சதீஷ். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

பயம் எனக்கும் புரிகிறது. உத்தரவு போட்டேன் என்று சொன்னால் வேலை போகலாம், உன் மேலேயே பழி விழலாம். பெரிய மேனேஜர் தான் எதுவும் சொல்லவில்லை என்று கையை விரித்துவிடுவார். கல்யாணம்கூடத் தள்ளிப்போகலாம். விஷயம் கேள்விப்பட்டு கவிதா நேற்றுப் போன் பண்ணினாள். நாவலூரில் அவள் ராத்திரி வேலை முடிந்து ஆபீஸ் வண்டியில் கடைசி ஆளாக அவளை இறக்குவதாக இருந்தால் கூட ஒரு செக்யூரிட்டி வர வேண்டும் என்பது விதியாம். செக்யூரிட்டி வராத நாளில் அவள் வண்டியில் ஏறமாட்டாளாம். "ஏறமாட்டேன்னு என்னால சொல்ல முடியுது அத்தை, அந்தப் பொண்ணால சொல்ல முடியலை இல்ல?" என்றாள். அப்புறம், "அவரு நிஜமாவே அப்படி ஆர்டர் போட்டாரா?" என்று கேட்டாள். அவனையே கேளம்மா என்றேன். கேட்பாள். நல்ல பெண்ணைத்தான் பார்த்திருக்கிறோம்.

நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்காக நீ சண்டை போட வேண்டாம், அந்த ஆளை அடிக்க வேண்டாம், ரிசார்ட்டைத் திருத்த வேண்டாம். கதவைச் சாத்தச் சொன்னது நான்தான் என்று ஒரு வாக்கியம். எழுத்தில் எங்கும் இல்லாத உத்தரவு அது, வாயால் போட்டது. வாயால்தான் சொல்ல முடியும், உன் வாயால் மட்டும்தான் முடியும். திங்கட்கிழமை உன்னை நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதே நாள்தான். நான் போய், என் மகன் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். வாயும் வயிறுமாக உன்னைச் சுமந்தவள் நான், நைனா, அந்த வாயால் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் சொல்வேன். நீ எனக்கு முன்னால் சொல்லிவிட்டால், நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வருவாயோ மாட்டாயோ, உனக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன். வந்தால் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். பசந்திக்குக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்து வைத்தால் தூக்கம் வரவில்லை. முதல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். மறுநாள் எழுந்து, நீ பத்தாவது படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தாரே, அந்தப் படிக்கிற மேஜை, அதை அவளே இழுத்து வந்து, கதவை மலரத் திறந்துவைத்துவிட்டு, நிலைப்படிக்குக் குறுக்கே போட்டாள். அதற்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்கினாள். அப்படியேதான் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேஜைக்கு மேலேதான் நீட்டுகிறேன்.

நீ வந்தால் அந்த மேஜையைத் தொடாதே. இந்தப் பக்கமே நின்று, திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறாய் என்பதை அவளிடம் சொல். நகர்த்துவதென்றால் அவள் நகர்த்தட்டும்.

அம்மா